ஷவரில் தண்ணீர் நூல்போல வருகிறதா? அறிகுறியை வைத்து அடைப்பைக் கண்டுபிடிக்கும் முறை

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் ஷவர் மெதுவாக வந்தால் முதலில் காதில் விழும் யோசனை, "பம்ப் உள்ள ஹீட்டர் வாங்கி மாட்டுங்கள்" என்பதுதான். கடையிலும் அதையே சொல்வார்கள், பக்கத்து வீட்டிலும் அதையே சொல்வார்கள். மாட்டிய பிறகும் பல வீடுகளில் தண்ணீர் அப்படியேதான் வரும். சிலிங்குக்கு மேலே தொட்டியடியில் ஒரு வால்வு பாதி மூடிக் கிடக்கும். அதைத் திறந்திருந்தாலே பழைய ஹீட்டர் ஒழுங்காக வேலை செய்திருக்கும். ஆகவே பணம் செலவழிக்கும் முன் தண்ணீர் எந்த இடத்தில் குறைகிறது என்று பாருங்கள். ஒரு வாளி, ஒரு ஸ்பேனர், ஒரு பழைய பல்துலக்கி இருந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

தொடங்கும் முன்: அளந்து பாருங்கள்

"மெதுவாக வருகிறது" என்பதை எண்ணாக்க வேண்டும். 1.5 லிட்டர் மினரல் போத்தலில் இரண்டு முறை தண்ணீர் பிடித்து வாளியில் ஊற்றி, அந்த 3 லிட்டர் மட்டத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். வாளியைக் காலி செய்து, ஷவரை முழுதாகத் திறந்து, கோடு வரை நிரம்ப எத்தனை விநாடி என்று கைப்பேசியில் பாருங்கள். 36 விநாடி என்றால் நிமிடத்துக்கு 5 லிட்டர். 60 விநாடி என்றால் 3 லிட்டர். 90 விநாடி என்றால் 2 லிட்டர்.

இந்த எண் ஏன் முக்கியம் என்றால், நம் வீடுகளில் உள்ள உடனடி மின் ஹீட்டர் பெரும்பாலும் 3.6 கிலோவாட் அளவில்தான் இருக்கும். அதனால் ஒரு நிமிடத்தில் இவ்வளவுதான் சூடாக்க முடியும் என்று ஒரு வரம்பு உண்டு. எளிய கணக்கு: 50ஐ நிமிட லிட்டரால் வகுத்தால் தண்ணீர் எத்தனை டிகிரி ஏறும் என்று ஏறக்குறைய தெரிந்துவிடும். 5 லிட்டர் ஓடினால் 10 டிகிரி ஏறும். தொட்டித் தண்ணீர் 28 டிகிரி என்றால் 38 டிகிரியில் குளிக்கலாம். உடம்புக்கு இதமான சூடு. 3 லிட்டர் ஓடினால் 17 டிகிரி ஏறி 45 ஆகும், உடம்பு தாங்காத சூடு. 8 லிட்டர் ஓட வைத்தால் 6 டிகிரிதான் ஏறும், வெதுவெதுப்புகூட இருக்காது. ஆக, 4 முதல் 5 லிட்டர் கிடைத்தால் ஷவர் நன்றாக இருக்கிறது என்றே பொருள். அதற்கு மேல் அழுத்தம் கூட்டினால் சூடு குறைகிறது என்ற அடுத்த புகார் வரும்.

இணையத்தில் இந்தப் பிரச்சினைக்கு வழி தேடினால் இங்கிலாந்து வீடியோக்கள் நிறைய வரும். அங்கே காம்பி பாய்லர் என்ற எரிவாயு ஹீட்டர் தெருக் குழாயிலிருந்து நேராகத் தண்ணீரை எடுத்துச் சுடவைக்கிறது. 24 கிலோவாட் பாய்லர் ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 10 லிட்டர் தண்ணீரை 35 டிகிரி ஏற்றிவிடும். நம் ஹீட்டரின் சக்தி அதில் ஏழில் ஒரு பங்கு. தண்ணீரும் பெரும்பாலும் கூரைத் தொட்டியிலிருந்து வருகிறது. அந்த வீடியோவைப் பார்த்து அதே பாகத்தை இங்கே தேடினால் கிடைக்காது. ஷவர் தலையை வினிகரில் ஊறவைக்கச் சொல்வதும் சுண்ணாம்பு நிறைந்த ஊருக்கான வைத்தியம். கோலாலம்பூர், பினாங்குத் தண்ணீர் ஆற்றிலிருந்து வரும் மென்னீர். இங்கே ஷவரை அடைப்பது பெரும்பாலும் சேறு, துரு, மணல்.

அடுத்து, எந்தப் பைப்பு தெருக் குழாயில், எந்தப் பைப்பு தொட்டியில் என்று தெரிந்துகொள்ளுங்கள். தரை வீடுகளில் பொதுவாகச் சமையலறைப் பைப்பும் வாசல் தோட்டப் பைப்பும் நேராகத் தெருக் குழாயில் இருக்கும். குளியலறைகள் தொட்டியில் இருக்கும். சந்தேகமாக இருந்தால் மீட்டருக்குப் பக்கத்தில் உள்ள ஸ்டாப் காக்கை (வீட்டுக்கு வரும் தண்ணீரை நிறுத்தும் வால்வு) மூடிவிட்டு ஒவ்வொரு பைப்பாகத் திறந்து பாருங்கள். சட்டென்று நின்றுவிடும் பைப்பு தெருவுடையது. தொடர்ந்து ஓடுவது தொட்டியுடையது.

சமையலறைப் பைப்பு உட்பட எல்லாமே மெதுவாக வருகிறது

குறை வீட்டுக்கு வெளியே, அல்லது மீட்டரை ஒட்டி. பக்கத்து வீட்டில் கேளுங்கள். அவர்களுக்கும் அப்படியே என்றால் நீர் நிறுவனத்தின் அறிவிப்பைப் பார்ப்பதே வழி: கோலாலம்பூரில் ஆயர் சிலாங்கூர், பினாங்கில் பிபிஏபிபி. அவர்களுக்கு நன்றாக வருகிறது என்றால் உங்கள் மீட்டருக்கு அடுத்துள்ள ஸ்டாப் காக் முழுதாகத் திறந்திருக்கிறதா பாருங்கள். அண்மையில் யாராவது பழுது பார்க்க வந்து பாதி திறந்தபடி விட்டுப் போயிருக்கலாம். மீட்டரையும் அதற்கு முன்னால் உள்ள பகுதியையும் நீங்கள் கழற்றக் கூடாது. அது நீர் நிறுவனத்தின் சொத்து.

சமையலறை சரி, குளியலறைகள் எல்லாம் மெதுவு

இப்போது தொட்டியைப் பார்க்க வேண்டும். ஏறும் முன் ஒரு எச்சரிக்கை: சிலிங் பலகை ஆள் எடையைத் தாங்காது. கட்டையிலோ உத்திரத்திலோ மட்டும் கால் வையுங்கள். 200 கேலன் தொட்டி நிரம்பியிருந்தால் தண்ணீர் மட்டுமே 900 கிலோவுக்கு மேல் இருக்கும். அதன் தாங்குகட்டை உளுத்திருப்பதைக் கண்டால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதற்கு ஆள் கூப்பிடுங்கள்.

மூடியைத் திறந்ததும் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். அடியில் ஒரு சாண் மட்டுமே கிடந்தால் மிதவை வால்வு சரியாகத் திறக்கவில்லை. மிதவையைக் கையால் கீழே அழுத்துங்கள்; தண்ணீர் பீய்ச்சினால் கைப்பிடி எங்கோ உராய்ந்து சிக்கியிருக்கிறது, சொட்டினால் வால்வின் வாய் அடைத்திருக்கிறது. அதைப் பிரித்துக் கழுவலாம். பழையதென்றால் மாற்றிவிடுவதே மேல்.

மட்டம் சரியாக இருந்தால் அடுத்து வெளியேறும் வால்வு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பழைய வீடுகளில் வட்டக் கைப்பிடி உள்ள கேட் வால்வு இருக்கும். கைப்பிடி நன்றாகத் திரும்பும், "திறந்துதானே இருக்கிறது" என்று விட்டுவிடுவோம். உள்ளே தண்டுக்கும் தகட்டுக்கும் உள்ள பிடி அறுந்து, தகடு பாதியில் தொங்கிக்கொண்டிருக்கும். எவ்வளவு திருப்பினாலும் ஓட்டத்தில் மாற்றமே தெரியவில்லை, மூடினாலும் முழுதாக நிற்கவில்லை என்றால் அந்த வால்வு போய்விட்டது. மாற்றும்போது நெம்புகோல் கைப்பிடி உள்ள பால் வால்வு போடச் சொல்லுங்கள். கைப்பிடி குழாயின் போக்கில் இருந்தால் திறப்பு, குறுக்கே இருந்தால் மூடல், ஏமாற வழியில்லை. முழு வாய் உள்ளதாகக் கேளுங்கள். மலிவான சிலவற்றில் உள்துளை குழாயைவிடச் சிறியது.

வால்வும் நல்லபடியாக இருந்தால் தொட்டியின் அடியைப் பாருங்கள். கைவிளக்கை நீட்டினால் பழுப்பு நிறச் சேறு படுக்கையாகத் தெரியும். வெளியேறும் குழாய் வாய் அந்தச் சேற்றை எட்டியிருந்தால் கழுவும் நேரம் வந்துவிட்டது. உள்ளே வரும் வால்வை மூடி, இருக்கும் தண்ணீரைக் குளித்துத் துவைத்துத் தீர்த்துக்கொள்ளுங்கள். கடைசி நான்கு விரல் தண்ணீரைக் குளியலறைக் குழாய்க்கு அனுப்பாமல், தொட்டியடியில் உள்ள கழிவு வால்வு வழியாக வெளியேற்றுங்கள். மென்மையான தேய்ப்பான் போதும். சோப்பு வேண்டாம்.

தொட்டி, வால்வு எல்லாம் நன்றாக இருந்தும் மெதுவாக வந்தால் குழாயே குறுகியிருக்கலாம். பழைய வீடுகளில் இரும்புக் குழாய் போட்டிருப்பார்கள். உள்ளே துரு மேடுமேடாக வளரும். 15 மில்லிமீட்டர் துளை 10 மில்லிமீட்டராகச் சுருங்கினால் ஓட்டம் பாதியாகும் என்று நினைப்போம். உண்மையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். காலையில் முதலில் திறக்கும் தண்ணீர் செம்பழுப்பாக வந்து அரை நிமிடத்தில் தெளிகிறதா? அது இந்த வகை. எந்தப் பம்பும் இதைக் குணப்படுத்தாது. அழுத்தம் கூடினால் துரு தின்ற இடத்தில் சுவருக்குள் ஒழுகத் தொடங்கும். பணம் இருந்தால் குழாயை மாற்ற அதைச் செலவழியுங்கள்.

தண்ணீர் வெட்டு முடிந்து வந்த பிறகு ஷவர் மட்டும் துப்பித் துப்பி வருகிறது

தொட்டி ஒரு முறை காலியானால் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். கூரையடியில் மேலும் கீழுமாக வளைந்து போகும் குழாயில் மேட்டுப் பகுதியில் அந்தக் காற்று குமிழாக நின்றுகொள்ளும். தொட்டித் தண்ணீரின் அழுத்தம் மிகக் குறைவு என்பதால் அதைத் தள்ள முடியாது.

தொட்டி பாதிக்கு மேல் நிரம்பும் வரை பொறுங்கள். எல்லாப் பைப்பையும் மூடுங்கள். பிறகு வீட்டிலேயே தாழ்வான தொட்டிப் பைப்பை, வழக்கமாகக் கீழ்க் குளியலறையில் உள்ளதை, முழுதாகத் திறந்து, துப்பல் நின்று சீராக ஓடும் வரை விடுங்கள். அதன்பின் மாடிக்குப் போய் முகம் கழுவும் பேசின், கடைசியாக ஷவர். ஷவருக்கு வரும்போது ஹீட்டர் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். ஷவர் தலையைக் கழற்றிவிட்டு ஹோஸை மட்டும் தரையோடு தாழ்த்திப் பிடியுங்கள். ஹோஸ் வாய் எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவு இழுவை கூடும். மாடிக் குளியலறையில் இது பெரிய உதவி. ஒரு நிமிடம் குமிழில்லாமல் ஓடினால் தலையை மாட்டலாம்.

தெருக் குழாய்ப் பைப்பிலிருந்து ஹோஸ் போட்டுத் தொட்டிப் பைப்புக்குள் தண்ணீரை எதிர்ப்பக்கமாக ஏற்றும் முறையும் உண்டு. காற்று போகும்தான். ஆனால் அந்த நேரத்தில் தெரு அழுத்தம் விழுந்தால் உங்கள் தொட்டித் தண்ணீர் பொதுக் குழாய்க்குள் உறிஞ்சப்படும். அதனால் அது வேண்டாம்.

அதே குளியலறையில் பேசின் நன்றாக வருகிறது, ஷவர் மட்டும் மெதுவு

பெரும்பாலான வீடுகளின் கதை இதுதான். நல்ல செய்தியும் இதுதான், ஏனென்றால் குறை உங்கள் கைக்கெட்டும் இரண்டு அடிக்குள் இருக்கிறது. ஷவர் தலை, ஹோஸ், ஹீட்டர் நுழைவுச் சல்லடை, ஹீட்டரின் ஓட்டக் குமிழ் என்ற வரிசையில் பாருங்கள்.

ஷவர் தலையைக் கையால் திருகிக் கழற்றிவிட்டு ஹோஸை மட்டும் வாளியில் விட்டு மறுபடி அளங்கள். 3 லிட்டருக்கு 80 விநாடி எடுத்தது இப்போது 40 விநாடி என்றால் தலைதான் குற்றவாளி. உள்ளே உள்ள சிறு சல்லடை வாஷரைக் கழுவி, முகத்தில் உள்ள துளைகளைப் பல்துலக்கியால் தேய்த்து, பின்பக்கமிருந்து தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். ஊசியால் குத்தினால் துளை பெரிதாகித் தண்ணீர் கோணலாகப் பீய்ச்சும். அடைப்பே இல்லாமல் மெதுவாக வந்தால் தலையின் கழுத்தில் பிளாஸ்டிக் வில்லை ஒன்று இருக்கிறதா பாருங்கள். அது தண்ணீர் சிக்கனத்துக்காக ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வில்லை. அதிக அழுத்தமுள்ள கொண்டோவுக்குப் பொருந்தும், தொட்டித் தண்ணீர் வீட்டுக்குப் பொருந்தாது.

தலையைக் கழற்றியும் மாற்றமில்லை என்றால் ஹோஸ். வெளியே பளபளக்கும் உலோகச் சுருளுக்குள் மெல்லிய ரப்பர்க் குழாய் இருக்கிறது. அது முறுக்கிக்கொண்டால் வெளியே எதுவும் தெரியாது. ஹோஸைக் கழற்றி ஒரு முனையில் வாய் வைத்து ஊதிப் பாருங்கள்; தடையில்லாமல் காற்று போக வேண்டும்.

அதுவும் சரி என்றால் சல்லடை. இதைக் கொஞ்சம் நிதானமாகச் செய்யுங்கள்.

1. குளியலறைக்கு வெளியே உள்ள ஹீட்டர் சுவிட்சை அணையுங்கள். அதோடு நிறுத்தாமல் மின்பெட்டியில் அந்த ஹீட்டரின் பிரேக்கரையும் கீழே இறக்குங்கள்.

2. ஹீட்டருக்குப் போகும் ஸ்டாப் வால்வை மூடுங்கள். ஷவரைத் திறந்து ஓட்டம் நின்றதை உறுதிசெய்யுங்கள்.

3. ஹீட்டரின் அடியில் நீல அடையாளம் உள்ள பக்கம் குளிர்நீர் நுழையும் இடம். அங்கே ஒரு சிறு வாளியை வையுங்கள். சில மாடல்களில் சல்லடைக்குத் தனி மூடி இருக்கும். கையால் திருகினால் வந்துவிடும். மற்றவற்றில் அரை இஞ்சு நட்டைக் கழற்ற வேண்டும். ஸ்பேனரைத் திருப்பும்போது மறுகையால் ஹீட்டரின் நுழைவுக் கழுத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தக் கழுத்து பிளாஸ்டிக். சேர்ந்து திரும்பினால் உடைந்துவிடும், பிறகு மொத்த ஹீட்டரையும் மாற்ற வேண்டியிருக்கும்.

4. சல்லடை விரல் நுனி அளவில் சின்னக் கிண்ணம்போல இருக்கும். வெளியே எடுத்ததும் கழுவிவிடாதீர்கள். உள்ளங்கையில் தட்டிக் கழிவைப் பாருங்கள். குறை எங்கிருந்து வருகிறது என்று அதுவே சொல்லும். ஈரக் காப்பித் தூள்போல மெத்தென்று இருந்தால் தொட்டிச் சேறு. செந்நிறத்தில் நகத்தால் நசுக்கினால் பொடியாகும் செதில்கள் என்றால் இரும்புக் குழாயின் துரு. வெள்ளை நார் என்றால் போன முறை பிளம்பர் சுற்றிய டெஃப்லான் டேப். கறுப்புத் துணுக்கு என்றால் எங்கோ ஒரு ரப்பர் வாஷர் கரைகிறது. வெளிர்நிற மணல் என்றால் தெருக் குழாய் உடைந்து பழுது பார்த்தபோது புகுந்தது.

5. சல்லடையைப் பின்பக்கமிருந்து தண்ணீர் விட்டுத் தேய்த்து, விளக்குக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். எல்லாக் கண்ணும் வெளிச்சம் காட்ட வேண்டும்.

6. திரும்பப் போடும் முன், ஹீட்டரிலிருந்து கழன்று நிற்கும் குளிர்நீர் நுழைவு ஹோஸின் முனையை வாளிக்குள் விட்டு ஸ்டாப் வால்வைத் திறந்து அளந்துவிடுங்கள். இந்த ஒரு அளவு மொத்தக் குறையையும் இரண்டாக வெட்டிக் காட்டும். தனி மூடி உள்ள மாடலிலும் இந்த அளவுக்காக நட்டைக் கழற்றுவது வீணாகாது. இங்கே 6, 7 லிட்டர் வந்து ஷவரில் 2 லிட்டர்தான் வந்தது என்றால் தண்ணீர் ஹீட்டருக்குள் குறைகிறது. இங்கேயே 2 லிட்டர் என்றால் ஹீட்டரைத் தொட வேண்டாம். ஸ்டாப் வால்வோ அதற்கு முந்தைய குழாயோதான் காரணம்.

7. ரப்பர் வாஷர் படுக்கையாக உட்காரும்படி வைத்து நட்டைக் கையால் இறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் கொடுங்கள். வாஷர் உள்ள இணைப்புக்கு டெஃப்லான் டேப் தேவையில்லை. சுற்றினால் அதன் நார்தான் அடுத்த முறை சல்லடையில் கிடைக்கும்.

8. முதலில் தண்ணீர், பிறகு மின்சாரம். ஷவரைத் திறந்து ஒரு நிமிடம் சீராக ஓடவிட்ட பின்பே பிரேக்கரை ஏற்றுங்கள். ஹீட்டருக்குள் காற்று இருக்கும்போது சூடேற்றும் கம்பி எரிந்தால் கருகிவிடும். பிறகு ஹீட்டரில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். மின்தொடர்பு உடனே அற வேண்டும். அறவில்லை என்றால் சரிபார்க்கும் வரை அந்த ஹீட்டரில் குளிக்கக் கூடாது.

ஓட்டக் குமிழையும் பார்த்துவிடுங்கள். நுழைவிடத்தில் ஒரு பெரிய பிளாஸ்டிக் குமிழோ, நாணயத்தால் திருப்பும் ஒரு வெட்டோ இருக்கும். சூடு போதவில்லை என்று யாரோ அதைக் குறைத்து வைத்திருப்பார்கள். மழைக்காலத்தில் தொட்டித் தண்ணீர் குளிரும்போது குறைத்து வைத்தது, வெயில் வந்தும் அப்படியே கிடக்கும்.

ஹீட்டர் போட்டால் ஓட்டம் குறைகிறது, அல்லது சூடு வந்து வந்து போகிறது

சாதாரண ஹீட்டரில் சூடு போட்டாலும் போடாவிட்டாலும் தண்ணீர் ஒரே வழியில்தான் போகிறது. சுவிட்ச் மட்டும் ஓட்டத்தைக் குறைக்காது. சூடு வந்து போனால், ஓட்டம் ஹீட்டர் எதிர்பார்க்கும் குறைந்தபட்ச எல்லையில் ஊசலாடுகிறது என்று பொருள். எல்லைக்கு மேலே போனால் எரிகிறது, கீழே வந்தால் அணைகிறது. ஹீட்டரைக் குறை சொல்லாமல் மேலே சொன்ன சல்லடை வரிசையைச் செய்யுங்கள்.

இங்கே ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஹீட்டரிலிருந்து வெளியேறும் பக்கத்தில், அதாவது ஹோஸ் பக்கத்தில், மூடும் வால்வோ பொத்தான் வைத்த ஷவர் தலையோ மாட்டாதீர்கள். இந்த வகை ஹீட்டரின் வெளிவாய் எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். சூடாகிக்கொண்டிருக்கும்போது அதை அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும்.

பம்ப் உள்ள ஹீட்டர்தான், ஆனாலும் வேகமில்லை

காது கொடுத்துக் கேளுங்கள். கரகரவென்று கூழாங்கல் உருள்வதுபோல ஒலித்தால் பம்புக்குத் தண்ணீர் போதவில்லை; சல்லடையோ ஸ்டாப் வால்வோ அடைத்திருக்கிறது. சீரான முனகல் மட்டும் கேட்டு ஓட்டம் கூடவில்லை என்றால் காற்று சிக்கியிருக்கிறது, அல்லது பல மாதம் ஓடாமல் பம்ப் இறுகிவிட்டது. முன்பு சொன்னபடி ஹோஸைத் தரையில் தாழ்த்திக் காற்றை வெளியேற்றிப் பாருங்கள். சரியாகாவிட்டால் மூடியைத் திறக்காமல் அந்தக் கம்பெனி ஆளைக் கூப்பிடுங்கள். ஒலியே இல்லை என்றால் பம்ப் பொத்தான் அணைந்திருக்கிறதா பாருங்கள், பிறகு அதுவும் கம்பெனி ஆளின் வேலை.

வீட்டுக்கே ஏற்கெனவே ஒரு பம்ப் இருந்தால் ஹீட்டரில் இன்னொரு பம்ப் தேவையில்லை. பம்ப் இல்லாத மாடல் விலையும் குறைவு, கெட்டுப்போக ஒரு பாகமும் குறைவு.

யாராவது கீழே பைப்பைத் திறந்தால் மேலே நின்றுவிடுகிறது

தீபாவளிக் காலையில் வீடு முழுக்க எண்ணெய்க் குளியல் நடக்கும்போது இது அப்பட்டமாகத் தெரியும். தொட்டியிலிருந்து இறங்கும் ஒரே குழாய் மேலும் கீழும் பிரிகிறது. தண்ணீர் மட்டத்திலிருந்து ஷவர் தலை வரை உள்ள உயரமே அழுத்தம். 1 மீட்டருக்கு 0.1 பார். மாடிக் குளியலறைக்குக் கிடைப்பது ஒன்றரை, இரண்டு மீட்டர். கீழ்க் குளியலறைக்கு நான்கு, ஐந்து மீட்டர். கீழே திறந்தால் தண்ணீர் வலுவான பக்கம் ஓடிவிடும்.

செலவில்லாத வழி: கீழ்க் குளியலறையின் ஸ்டாப் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடி, இரண்டையும் திறந்து வைத்து மேலே போதுமான அளவு வரும் இடத்தில் நிறுத்துங்கள். நிரந்தர வழி: தொட்டியிலிருந்து மாடிக் குளியலறைக்கு 25 மில்லிமீட்டரில் தனிக் குழாய், ஷவருக்கு அருகில் மட்டும் 15 ஆகக் குறைக்கலாம்.

அழகான மழை ஷவர் மாட்டிய நாளிலிருந்து

அகலத் தட்டு ஷவருக்கு நிறையத் தண்ணீர் வேண்டும். 5 லிட்டரை நூற்றுக்கணக்கான துளைக்குப் பங்கிட்டால் சொட்டுத்தான் விழும். தொட்டித் தண்ணீரும் உடனடி ஹீட்டரும் உள்ள குளியலறையில் சின்ன முகமுள்ள கைஷவரே நன்றாக இருக்கும்.

கொண்டோ, அடுக்குமாடி

மொட்டைமாடித் தொட்டிக்கு நேர்கீழே உள்ள தளங்களில் இயல்பாகவே அழுத்தம் குறைவு. அதற்குத்தான் நிர்வாகம் பூஸ்டர் பம்ப் வைத்திருக்கும். கீழ்த்தளங்களில் அழுத்தம் மிகுந்துவிடாமல் குறைக்கும் வால்வு இருக்கும். உங்கள் மாடி முழுக்க மெதுவு என்றால் இரண்டில் ஒன்று பழுது. 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின்படி பொதுச் சொத்தைப் பராமரிப்பது நிர்வாகக் குழுவின் பொறுப்பு. நீங்கள் எடுத்த லிட்டர் கணக்கை நாள், நேரத்தோடு எழுதிக் கொடுங்கள். "தண்ணி வரல" என்ற புகாரைவிட "சனிக்கிழமை காலை 7 மணிக்கு நிமிடத்துக்கு 2 லிட்டர், இரவு 11 மணிக்கு 5 லிட்டர்" என்பது வேலையை நகர்த்தும். உங்கள் வீடு மட்டும் மெதுவு என்றால் மாடி மீட்டர் அறையில் உங்கள் மீட்டருக்கு அடுத்த வால்வைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லாம் சரி, உயரம்தான் போதவில்லை

அடைப்பில்லை, வால்வு முழுத் திறப்பு, குழாய் நல்லது, மாடியில் மட்டும் 2, 3 லிட்டர்தான். அப்போது பம்ப் நியாயமான செலவு. இரண்டு வழி உண்டு: ஒரே குளியலறை என்றால் பம்ப் உள்ள ஹீட்டர், முழு வீடு என்றால் தொட்டிக்கு அடுத்து ஒரு சிறு பூஸ்டர் பம்ப். கடையில் குதிரைத்திறனைச் சொல்லி வாங்காதீர்கள். நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர் ஓடும்போது 10 மீட்டர் அழுத்தம், அதாவது 1 பார் தரும் பம்ப் என்று கேளுங்கள். அதைவிடப் பெரியது ஹீட்டர் சூட்டைத் தின்றுவிடும். மின்சாரம் இல்லாதபோதும் தண்ணீர் இறங்க, பம்பைச் சுற்றி ஒரு மாற்றுக் குழாயும் அதில் தண்ணீரை ஒரு பக்கமாக மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வும் வைக்கச் சொல்லுங்கள்.

தெருக் குழாயில் நேராகப் பம்ப் மாட்டுவது நாட்டின் நீர் விதிகளில் தடை செய்யப்பட்டது. அது பக்கத்து வீட்டாரின் தண்ணீரை இழுப்பதோடு, வழியில் விரிசல் இருந்தால் மண்ணில் உள்ள அழுக்கையும் குழாய்க்குள் உறிஞ்சும்.

பம்பு மாட்டிய வீட்டில் யாரும் பைப்பைத் திறக்காதபோதே அது விட்டுவிட்டு ஓடினால் எங்கோ சொட்டுகிறது. கழிவறை ஃபிளஷ் தொட்டியில்தான் முதலில் தேடுங்கள். பைப்பைத் திறந்திருக்கும்போதே பம்ப் சில விநாடிக்கு ஒருமுறை ஓடி ஓடி நின்றால், பம்ப் பக்கத்தில் உள்ள சிறு அழுத்தக் குடுவையில் காற்று இறங்கிவிட்டது. பம்பை நிறுத்தித் தண்ணீரை வடித்துவிட்டு, மோட்டார் சைக்கிள் டயருக்குக் காற்றடிக்கும் பம்பால், பம்ப் தொடங்கும் அழுத்தத்தைவிட 0.2 பார் குறைவாக நிரப்ப வேண்டும்.

மின்வேலை எதுவானாலும் பதிவுபெற்ற வயர்மேன் செய்யட்டும். 3.6 கிலோவாட் ஹீட்டர் சுமார் 16 ஆம்பியர் இழுக்கும்; அதற்குத் தனி வயரும் 20 ஆம்பியர் இரட்டைமுனை சுவிட்சும், 10 மில்லிஆம்பியர் மின்கசிவிலேயே மின்சாரத்தை அறுக்கும் ஆர்சிடி என்ற பாதுகாப்பு சுவிட்சும் இருக்க வேண்டும். ஹீட்டரின் உள்ளே உள்ள பாதுகாப்பு மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் வேறு வயர்மேனைப் பாருங்கள்.

அடுத்த தண்ணீர் வெட்டுக்கு முன்

2024 ஜனவரியில் பினாங்கில் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் பெரிய வால்வுகளை மாற்றியபோது மாநிலத்தின் பெரும்பகுதிக்குச் சில நாள் தண்ணீர் நிறுத்தப்பட்டது. அதுபோன்ற அறிவிப்பு வந்தால், திரும்ப வரும் முதல் தண்ணீர்தான் உங்கள் சல்லடைக்கு எதிரி. குழாய்க்குள் படிந்திருந்த சேறெல்லாம் அதோடு கிளம்பி வரும்.

வெட்டு தொடங்கும் முன் தொட்டி நிரம்பியிருப்பதைப் பார்த்துக்கொண்டு, தொட்டிக்குள் வரும் வால்வை மூடிவிடுங்கள். வெட்டின்போது தொட்டி காலியாகப் போகிறது என்று தெரிந்தால் ஹீட்டர் ஸ்டாப் வால்வையும் மூடுங்கள். தண்ணீர் திரும்பியதும் தோட்டப் பைப்பைத் திறந்து வெள்ளை வாளியில் பிடித்துப் பாருங்கள். அடி தெளிவாகத் தெரியும் வரை ஓடவிடுங்கள். அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம். பிறகு தொட்டி வால்வு, அது பாதி நிரம்பியதும் கீழ்ப் பைப்பு, மாடி பேசின், கடைசியாக ஹீட்டர் ஸ்டாப் வால்வு. ஷவர் ஒரு நிமிடம் குளிர்நீராகச் சீராக ஓடிய பிறகு சுவிட்சைப் போடுங்கள்.